அமுக்குவானும் குறட்டையும்

எனக்கு 19 வயசு இருக்கறப்ப எங்க அம்மிச்சி, அம்மாவப் பெத்த பாட்டி, என்னோட தலகாணிக்கு அடியில ஒரு கருக்கருவாளக் கொண்டாந்து வெச்சுது. அப்பத்தான் பல்லடம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலைக்குச் சேந்திருந்தேன், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டுன்னு ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரு நாள் முழு நைட்டு முடிச்சு வெடியால வந்து சோத்தத் தின்னுட்டு ஆசாரத்துல மல்லாந்து படுத்தவன் பதினொரு மணி வாக்குல முழிச்சுட்டேன். மேல ஃபேன் சுத்தறது தெரியுது, பொடக்காளில அம்மா ஏனம் கழுவற சத்தம் கேக்குது, ஆனா கை கால் ஒண்ணும் அசைய மாட்டீங்குது. நெஞ்சு மேல ஆரோ ஏறி உக்காந்த மாதிரி பாரம். கதவோரமா கருப்பா ஒரு உருவம் நிக்குது, மூஞ்சி தெரியல, ஆனா அது என்னையத்தான் பாக்குதுன்னு மட்டும் எப்படியோ தெரியுது. அம்மான்னு கத்தறேன், நெம்ப சத்தமா கத்தறேன், எல்லாம் உள்ளுக்குள்ளயே, வெளிய ஒரு முனகல் கூட வல்ல. எவ்வளவு நேரம்னு தெரியல, திடீர்னு கட்டு அவுந்த மாதிரி எந்திரிச்சு உக்காந்துட்டேன், பனியன் பூரா வேர்வை.

சொன்னதும் வீட்ல எல்லாத்துக்கும் ஒரே பேச்சுத்தான், அமுக்குவான் அமுக்கிருச்சு. கருக்கருவா வெச்சாங்க, கோயில்ல திருநீறு மந்திரிச்சுப் போட்டாங்க, கைல கருப்புக் கயிறு கட்டுனாங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாதுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியத்தப் பாசத்தோட செஞ்சாங்க. ஆனா அது என்னன்னு அன்னைக்கே யாராச்சும் எனக்கு வெளக்கிச் சொல்லியிருந்தா அதுக்கப்பறம் ஒரு வருசம் தூங்கவே பயந்துட்டுக் கெடந்திருக்க மாட்டேன், அதுக்குத்தான் இத எழுதறேன்.

இதுக்கு ஸ்லீப் பாரலிசிஸ்னு பேரு. பாரலிசிஸ்னு சொன்னதும் கை கால் இழுத்துக்கற வாதம்னு நெனச்சுப் பயந்துக்க வேண்டாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது புரியோணும்னா மொதல்ல தூக்கம் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கோணும்.

நாம படுத்ததுல இருந்து எந்திரிக்கற வரைக்கும் ஒரே மாதிரி தூங்கறதில்லீங்க. லேசான தூக்கம், ஆழமான தூக்கம், அப்பறம் கனவுத் தூக்கம்னு சுமாரா 90 நிமிசத்துக்கு ஒரு சுத்து, ராத்திரிக்கு நாலஞ்சு சுத்து வரும். இந்தக் கனவுத் தூக்கத்துக்கு ஆர்.ஈ.எம். தூக்கம்னு பேரு. 1953ல அமெரிக்காவுல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசரின்ஸ்கி, கிளைட்மன்னு ரெண்டு பேரு இதப் பத்தி எழுதுனாங்க. அசரின்ஸ்கி அப்ப ஆராய்ச்சி மாணவர், தன்னோட சின்னப் பையனையே தூங்க வெச்சு மெசின்ல பாத்தாராம், மூடுன இமைக்குள்ள கண்ணு முழி ரெண்டும் வெடுக்கு வெடுக்குன்னு ஓடுது. அந்த நேரத்துல மூளை கிட்டத்தட்ட முழிச்சிருக்கற மாதிரியே வேலை செய்யுது, கண்டதையும் காட்டுது, ஓடற மாதிரி அடிக்கற மாதிரி பறக்கற மாதிரி. நம்ம தூக்கத்துல நாலுல ஒரு பங்கு இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் கொறைவா இந்தத் தூக்கம் இருக்கும், வெடிய வெடிய ஜாஸ்தியாகும்.

இப்ப ஒண்ணு யோசிங்க. கனவுல ஓடறப்ப நெசமாலுமே ஓடுனா என்ன ஆகும், கட்டில்ல இருந்து விழுந்து மண்டை ஒடையும். அதனால ஒடம்பு ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்குது. கெணத்துல மோட்டாரக் கழட்டி வேலை பாக்கறப்ப என்ன பண்ணுவோம், மேல ஆராச்சும் தெரியாம சுவிச்சப் போட்டுருவாங்கன்னு பீஸ் கேரியரப் புடுங்கி மடில வெச்சுக்குவோம் இல்லீங்களா, அதே மாதிரிதான். கனவு ஆரம்பிச்சதும் மூளைத்தண்டு கீழ தண்டுவடத்துக்கு உத்தரவு போடுது, கிளைசின், காபான்னு ரெண்டு ரசாயனம் வந்து தசைய அசைக்கற நரம்பெல்லாத்தையும் அமத்திருது. கண்ணு தசையும் மூச்சு விட வெக்கற உதரவிதானமும் மட்டும் தப்பிச்சுக்கும். இது எல்லாத்துக்கும் தெனமும் நடக்குதுங்க, உங்களுக்கும் நேத்து ராத்திரி நாலஞ்சு தடவை நடந்திருக்கும், தூங்கிட்டு இருந்ததால தெரியல, அவ்வளவுதான்.

சில நேரம் இதுல கணக்குத் தப்பிப் போகுது. நெனவு வந்துருது, ஆனா பீஸ் கேரியர் இன்னும் மாட்டல. வீட்ல லைட் எரியுது, மோட்டார் மட்டும் ஓட மாட்டீங்குது. அந்த இடைவெளி சில வினாடி இருக்கும், மிஞ்சிப் போனா ரெண்டு மூணு நிமிசம், அதுக்குள்ள தானாவே செரியாயிரும். அமுக்குவான்னு நாம சொல்றது இவ்வளவுதானுங்க.

அப்ப அந்தக் கருப்பு உருவம்? நெஞ்சு மேல பாரம்? எனக்கும் இதுதான் பெரிய கேள்வியா இருந்துச்சு. கனவு காட்டற வேலைய மூளை இன்னும் நிறுத்தல, கண்ணு தெறந்திருக்கறதால அந்தக் கனவ இந்த ரூமுக்குள்ளயே கொண்டாந்து வெக்குது. அசைய முடியலைன்னதும் மூளைல பயத்தப் பாத்துக்கற எடம் ஆபத்து ஆபத்துன்னு அலறுது, ஆபத்து இருந்தா அதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல, கதவு நெழலையோ தொங்கற சட்டையையோ ஆளாக்கிருது. பாரம் வர்றதுக்குக் காரணம், நெஞ்சுத் தசையெல்லாம் தளந்து கெடக்கறப்ப உதரவிதானம் மட்டும் தனியா மூச்ச நடத்துது, நாம பயந்து போயி பெருசா இழுத்து மூச்சு விடப் பாக்கறோம், அது நம்ம சொல்ப்பேச்சு கேக்கறதில்ல, அமுக்கற மாதிரி தெரியுது. மூச்சு நிக்கறதில்லீங்க. இத நெம்ப பேரு கேக்கறாங்க, அதனால திருப்பிச் சொல்றேன், மூச்சு நடந்துட்டேதான் இருக்குது.

கனடாவுல ஆலன் செய்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத அனுபவிச்சவங்க சொன்னதையெல்லாம் சேத்துப் பாத்து மூணு வகையாப் பிரிச்சார். ரூமுக்குள்ள யாரோ இருக்கற மாதிரி ஒண்ணு, நெஞ்ச அமுக்கற மாதிரி ஒண்ணு, ஒடம்ப விட்டு மெதக்கற மாதிரி, பறக்கற மாதிரி ஒண்ணு. எனக்கு மொத ரெண்டும் வந்திருக்குது, என்ற சிநேகிதன் ஒருத்தனுக்கு மூணாவதுதான், விட்டத்துல இருந்து தன்னையே கீழ பாத்தேன்னு சொல்லிட்டு அழுதான். ஜப்பான்ல இதுக்குக் கனாஷிபாரின்னு பேரு, கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துல கெழவி வந்து நெஞ்சு மேல உக்காந்துட்டாங்கறாங்க. அவங்கல்லாம் நம்ம அமுக்குவானக் கேள்விப்பட்டவங்களா என்ன, ஒடம்பு ஒண்ணுங்கறதால அனுபவமும் ஒண்ணா இருக்குது, ஊருக்கு ஊரு பேருதான் மாறுது.

இது அபூர்வமும் கெடையாது. 2011ல பல ஆராய்ச்சியச் சேத்து ஒரு கணக்கெடுத்தாங்க, வாழ்நாள்ல ஒரு தடவையாச்சும் இது வந்தவங்க நூத்துக்கு 8 பேரு. படிக்கற பசங்கள மட்டும் தனியாப் பாத்தா 28 பேரு. ராத்திரி முழிச்சுப் படிச்சுக் கெடக்கற பசங்க, நைட் ஷிப்ட் பாக்கறவங்க, மனசுல பெரிய கவலையோ பயமோ இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் ஜாஸ்தி வருது, ஏன்னா தூக்கம் கொறையறதும் நேரங்கெட்டுத் தூங்கறதும்தான் இதுக்கு மொதக் காரணம். முழு நைட்டு முடிச்சு வெடியால படுத்தா, அது ஒடம்பு வழக்கமா கனவுத் தூக்கத்த ஜாஸ்தியா வெச்சிருக்கற நேரம், படுத்த கொஞ்ச நேரத்துலயே அது வந்துரும், வெளிய சத்தம், வெளிச்சம், நடுநடுவுல முழிப்பு, கணக்குத் தப்பறதுக்கு வேறென்ன வேணும். மல்லாந்து படுத்தாலும் ஜாஸ்தி வரும்.

அந்த ஒரு வருசத்தப் பத்திச் சொல்றேன். அமுக்குவான் வந்துருமேங்கற பயத்துல படுக்கவே மாட்டேன். போனப் பாத்துட்டே கெடப்பேன், கண்ணு தானா சொக்குனாத்தான் உண்டு, மூணு மணி நேரம் நாலு மணி நேரம் தூங்குனாப் பெருசு, அதுவும் லைட்டப் போட்டுட்டு. தூக்கம் கொறையக் கொறைய வாரத்துக்கு ஒரு தடவை வந்தது மூணு தடவை வந்துச்சு, அது ஜாஸ்தியாக ஆக இன்னும் பயம், இன்னும் தூக்கம் போச்சு. செக்கு மாடு மாதிரி அதையே சுத்திட்டுக் கெடந்தேன். அமுக்குவான் என்னைய ஒண்ணும் பண்ணல, அதுக்குப் பயந்து நான் தூங்காமக் கெடந்ததுதான் என்னையக் கெடுத்துச்சு, எளச்சுப் போயி, மெசின்ல கை போற அளவுக்கு மயக்கத்துல வேலை பாத்துட்டு இருந்தேன். பொறவு ஒரு டாக்டரம்மா கிட்டப் போனப்பத்தான் அவங்க ஒரு பேப்பர்ல படம் போட்டு வெளக்குனாங்க, மாத்திரையே குடுக்கல. அன்னைக்கு ராத்திரி லைட்ட அணச்சுட்டுப் படுத்தேன்.

வந்தா என்ன பண்றதுன்னா, முண்டாதீங்க. முழு பலத்தையும் போட்டு எந்திரிக்கப் பாத்தா பயந்தான் ஏறும். கண்ணத்தான் அசைக்க முடியுமே, அந்த உருவத்துல இருந்து பார்வைய எடுத்து வேற பக்கம் பாருங்க, இல்ல மூடிக்கங்க. மூச்ச அது பாட்டுக்கு விட்டுருங்க. அப்பறம் சுண்டுவிரல், இல்ல கால் கட்டைவிரல், ஏதாச்சும் ஒண்ண மட்டும் நெனச்சு அசைக்கப் பாருங்க, அது லேசா அசஞ்சதும் மத்ததெல்லாம் தானா அவுந்துரும். கூடப் படுக்கறவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுருங்க, நான் ம்ம்னு முனகுனா தொட்டு எழுப்பீருன்னு. என்ற சம்சாரத்துக்கு இப்ப அந்த முனகல் நல்லாப் பழகிருச்சு, தூக்கத்துலயே கைய நீட்டித் தட்டிரும். வந்து போனதும் உடனே அப்படியே மல்லாந்து திருப்பித் தூங்காதீங்க, மறுபடி அங்கயே போயி மாட்டிக்கும், எந்திரிச்சு உக்காந்து தண்ணி குடிச்சுட்டு ஒருக்களிச்சுப் படுங்க. ஷிப்ட் வேலைதான் பொழப்புன்னா முழு நைட்டு வாரத்துலயாச்சும் ஜன்னலக் கனமான துணி போட்டு மறச்சுட்டு தெனமும் ஒரே நேரத்துக்குப் படுங்க. கருக்கருவா வெச்சாத்தான் நிம்மதின்னா கட்டிலுக்கு அடியில எங்கியாச்சும் தள்ளி வெக்கச் சொல்லுங்க, தலகாணிக்கு அடியில மட்டும் வேண்டாம், தூக்கத்துல கைய விட்டா அறுத்துரும்.

மாசத்துக்கு நெறைய தடவை வருது, இல்ல பகல்லயும் அடக்க முடியாம தூக்கம் வருதுன்னா டாக்டரப் பாத்தே ஆகோணும். அதுல நார்கோலெப்சின்னு ஒண்ணு இருக்குது. அது இருக்கற பிள்ளை க்ளாஸ்ல உக்காந்தா தூங்கிரும், சோத்துல கைய வெச்சுட்டே தூங்கிரும், வாய் விட்டுச் சிரிச்சா முட்டி மடங்கித் தொப்புன்னு உக்காந்துரும், அமுக்குவானும் அடிக்கடி வரும். நம்மள முழிக்க வெக்கற ஒரெக்சின்னு ஒரு பொருள 1998ல கண்டுபுடிச்சாங்க, இந்த வியாதி இருக்கறவங்கள்ல பல பேருக்கு அதச் சுரக்கற செல்லுங்க அழிஞ்சு போயிருக்கும். அப்படியாப்பட்ட பிள்ளைகளத்தான் நாம தூங்குமூஞ்சி, சோம்பேறின்னு பேரு வெச்சு அடிச்சு வளத்துறோம். மருந்து இருக்குதுங்க.

அமுக்குவானுக்கு நேர் எதிரும் ஒண்ணு உண்டு, பீஸ் கேரியரப் புடுங்க மறந்துட்டா? எங்க ஊர்ல ஒரு பெரியவர் தூக்கத்துல கைய வீசிப் பக்கத்துல படுத்திருந்த சம்சாரத்தோட பல்ல ஒடச்சுட்டார், கேட்டா தோட்டத்துக்குள்ள பூந்த பன்னியத் தொரத்திட்டு இருந்தேங்கறார். பிரான்சுல மிஷெல் ஜூவேன்னு ஒருத்தர் பூனைக்கு மூளைத்தண்டுல தசைய அமத்தச் சொல்லி உத்தரவு போடற எடத்த மட்டும் சேதம் பண்ணிப் பாத்தார், பூனை தூங்கிட்டே இல்லாத எலி மேல பாஞ்சுச்சு. மனுசங்களுக்கும் இது வருதுன்னு 1986ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஷென்க், மஹோவால்டுன்னு ரெண்டு டாக்டருங்க எழுதுனாங்க. அம்பது வயசுக்கு மேல இப்படி ஆரம்பிச்சா நரம்பு டாக்டர் கிட்டக் காட்டிருங்க, கை நடுங்கற பார்கின்சன் மாதிரி நரம்பு வியாதிக்கு இது பல வருசம் முன்னாடியே வர்ற அறிகுறியா இருக்கலாம். கொழந்தைக ராத்திரி எந்திரிச்சு நடக்கறது, வீல்னு கத்தறது வேற கதை, அது கனவுத் தூக்கமில்ல, படுத்த மொத ரெண்டு மூணு மணி நேரத்துல வர்ற ஆழமான தூக்கத்துல நடக்கறது, வெடிஞ்சா அதுகளுக்கு ஒண்ணும் நெனவிருக்காது. உலுக்கி எழுப்பாம மெதுவாக் கூட்டிட்டு வந்து படுக்க வெச்சாப் போதும், வளந்தா பெரும்பாலும் தானா நின்னுரும்.

என்ற அம்மாவுக்குப் பொழுது விழுந்தாக் கால் குடைச்சல். வலியுமில்ல, எரிச்சலுமில்ல, ஆனா ஆட்டிட்டே இருக்கோணும், எந்திரிச்சு நடந்தாத்தான் அடங்கும், படுத்தா மறுபடி. தறி மிதிச்ச காலு அப்படித்தான்னு இருபது வருசம் விட்டுட்டோம். இதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு, ஒடம்புல இரும்புச் சத்து கொறஞ்சா வரும், கர்ப்பத்துல வரும், கிட்னி கெட்டவங்களுக்கும் வரும். ஃபெரிட்டின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்து டாக்டர் இரும்பு மாத்திரை குடுத்தார், கூடவே சோத்தத் தின்னதும் டீ குடிக்காதீங்கன்னார், டீ இரும்பச் சேர விடாது. மூணு மாசத்துல பாதி கொறஞ்சுருச்சு. இருபது வருசம்ங்க, நெனச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்குது.

தூக்கமே வல்லைங்கறவங்களுக்கு, வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசமா அப்படியே இருந்தா அது வியாதி. மெடிக்கல்ல கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீங்க. சி.பி.டி.ஐ.ன்னு பேச்சு மூலமாப் பழக்கத்த மாத்தற சிகிச்சை இருக்குது, மாத்திரைக்கு முன்னாடி அதத்தான் பண்ணச் சொல்றாங்க.

கடைசியா வெச்சிருக்கறது எனக்கு நெம்ப முக்கியம். அமுக்குவான்னா ஊரே பயப்படுது, ஆனா அது யாரையும் கொல்றதில்ல. குறட்டைன்னா எல்லாரும் சிரிக்கறோம், அசந்து தூங்கறாரு குடுத்து வெச்சவருங்கறோம், அதுல ஒரு வகை, நடுநடுவுல மூச்சு நின்னு போற குறட்டை, உசுருக்கே ஆபத்தானதுங்க.

என்ற மாமன் லாரி ஓட்டறவர், சங்ககிரியில இருந்து கொச்சின் லைன். கழுத்து தடிமனா நல்ல கனத்த ஒடம்பு. அவர் படுத்தா குறட்டை தெருவுக்குக் கேக்கும், திடீர்னு நின்னு போயிரும், பத்து வினாடி, பதினஞ்சு வினாடி ஒரு சத்தமும் இருக்காது, அப்பறம் தண்ணில முங்குனவன் மேல வந்த மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி குறட்டை. அந்த நிக்கற நேரத்துல தொண்டைத் தசை தளந்து மூச்சுக் கொழாய அடைக்குது, ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது, மூளை அரண்டு போயி அவர லேசா எழுப்புது, அவருக்கே தெரியாது. ராத்திரி பூரா இதுதான். இதுக்கு ஸ்லீப் அப்னியான்னு பேரு. பத்து வினாடிக்கு மேல மூச்சு நிக்கறது, நல்லாக் கொறையறது இதெல்லாத்தையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்கு மேல போனா வியாதின்னும் 30க்கு மேல போனா கடுமைன்னும் கணக்கு. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம்னு ஒண்ணு இல்ல. வெடியால தலைவலி, ராத்திரி ரெண்டு மூணு தடவை ஒண்ணுக்குப் போறது, மாத்திரைக்கு அடங்காத பிரஷர், பகல்ல உக்காந்த எடத்துல தூக்கம், இதெல்லாம் அதோட அடையாளம். மாமனுக்கு எல்லாமே இருந்துச்சு, ரெண்டு வருசமா பிரஷர் மாத்திரை குடுத்த டாக்டர் ஒரு தடவை கூட தூக்கத்தப் பத்திக் கேக்கல, நாங்களும் சொல்லல.

பெருந்துறை தாண்டி ஒரு நாள் வெடியால லாரி செண்டர் மீடியன் மேல ஏறிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தூங்குனதே அவருக்கு நெனவில்ல. அதுக்கப்பறந்தான் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயி, தலையில நெஞ்சுல கால்லன்னு ஒயர ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வெச்சுப் பாத்தாங்க. மணிக்கு 52 தடவை. சிபாப்னு ஒரு மெசின் குடுத்தாங்க, மூக்குல மாஸ்க்க மாட்டிக் காத்த அழுத்தமா உள்ள அனுப்பும், அடைபடற தொண்டை தெறந்தே இருக்கும். ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் கண்டுபுடிச்சு 1981ல எழுதி வெளியிட்டது. வெல கொஞ்சம் ஜாஸ்திதான், மொத ரெண்டு வாரம் மாட்டிட்டுத் தூங்கறதும் செரமந்தான், மாமன் ரெண்டு தடவை கழட்டி வீசுனார். இப்ப லாரி கேபின்லயே வெச்சிருக்கறார். எடையக் கொறைக்கறது, குடிய நிறுத்தறது, ஒருக்களிச்சுப் படுக்கறது இதெல்லாமும் ஒதவும், ஆனா கடுமையா இருக்கறவங்களுக்கு அது மட்டும் பத்தாது. வீட்ல யாராச்சும் இப்படி நின்னு நின்னு குறட்டை விட்டா போன்ல ஒரு அஞ்சு நிமிசம் ரெக்கார்ட் பண்ணி நுரையீரல் டாக்டர் கிட்டயோ காது மூக்கு தொண்டை டாக்டர் கிட்டயோ போட்டுக் காட்டுங்க, வாயில சொல்றத விட அது நல்லா வேலை செய்யும்.

போன மாசம் எங்க அண்ணன் மக கூப்புட்டுச்சு, பன்னெண்டாவது படிக்குது, பரிட்சைக்கு ரெண்டு மணி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்குது. சித்தப்பா, நெஞ்சு மேல ஒரு பொம்பள உக்காந்திருந்தாங்கன்னு சொல்லிட்டு அழுகுது. எங்க அண்ணி அதுக்குள்ள தலைமாட்டுல வெளக்கமாத்த வெச்சாச்சாம். நான் அந்த பீஸ் கேரியர் கதையத்தான் சொன்னேன், அதுக்குப் புரிஞ்சுருச்சு, எங்க தோட்டத்துல வளந்த பிள்ளை. மறுபடி வருமா சித்தப்பான்னு கேட்டுச்சு. வரலாம் கண்ணு, வந்தா சுண்டுவிரல ஆட்டு, வெளக்கமாறு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், இன்னைக்குப் பத்து மணிக்கு பொஸ்தகத்த மூடிட்டு ஒருக்களிச்சுப் படுன்னேன்.